குளிசை இறங்கவில்லை என்று சொல்லுங்கள்

(வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்ன பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "குளிசை விழுங்குவது பற்றி" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேர், போன வருசம் வந்தவர் கம்பராமாயணம் பேசினவர்" என்றார். கம்பராமாயணம் பேச இந்த ஊரில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். குளிசை எப்படி விழுங்குவது என்று யாரும் மேடையில் பேசுவதில்லை. கிளினிக்கிலும் பேச நேரமில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

மாதாமாதம் கிளினிக் கொப்பியைக் கொடுத்து, வரிசையில் நின்று, கடதாசி உறைகளில் குளிசைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அந்த உறைகளில் இருப்பது முழுவதும் வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆச்சியின் எட்டுச் செலவு முடிந்தபின் அலுமாரியை ஒதுக்கியபோது பழைய பிஸ்கட் ரின் ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் மாதவாரியாக ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய உறைகள். சின்னக் குளிசை உறைகள் எல்லாம் வெறுமை. பெரிய குளிசைகள், முக்கியமாகச் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமின், தொட்டும் பார்க்காமல் இருந்தன. சீனி குறையவில்லை என்று டொக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். கூட்டின குளிசைகளும் அதே ரின்னுக்குள்.

அந்த ஆச்சியைப் பொய்க்காரி என்று நினைக்காதீர்கள். "குளிசை ஒழுங்காய் எடுக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்டால் "ஓம்" என்பார். சின்னதுகளை ஒழுங்காகத்தானே எடுத்தார்! எறியவும் மனம் வராது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பனடோல் கார்ட்டுக்கு அலைந்த தலைமுறை அது. மருந்தைக் குப்பையில் போட அந்தக் கைகளுக்கு வராது. பத்திரமாகக் கட்டித்தான் வைக்கும்.

இதில் ஆபத்து எங்கே என்றால், இப்படி ஒருவரை வேறு ஏதோ வருத்தத்துக்கு வாட்டில் மறிக்கிறார்கள் என்று வையுங்கள். கொப்பியில் எழுதியபடி எல்லாக் குளிசைகளையும் தாதி முன்னால் நின்று விழுங்கப்பண்ணுவார். கூட்டிக் கூட்டி எழுதிய முழு அளவையும் அந்த உடம்பு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காணும். பிரசர் குளிசையாக இருந்தால் பிரசர் படாரென்று விழும். எழும்பி நடந்தவர் தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் தொடக்கம், "இது எனக்கு இறங்குதில்லை" என்ற ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டதுதான்.

ஏன் சொல்வதில்லை? வெட்கம். ஐம்பது வயது மனுசன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், குளிசை விழுங்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், பெரியவர்களில் 40 வீதமானவர்கள் குளிசை விழுங்கச் சிரமப்படுவதாகச் சொன்னார்கள். அவர்களில் அநேகர் சாப்பாட்டையும் தண்ணீரையும் எந்தத் தடையும் இல்லாமல் விழுங்குகிறவர்கள். ஆகவே இது உங்கள் ஒருவருடைய தொண்டைக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மருந்தை முழுக் கட்டியாக, வெறும் தண்ணீரோடு விழுங்குவது எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு பழைய பழக்கமே இல்லை. சித்த வைத்தியத்தில் உள்மருந்து 32 வகை என்பார்கள். சாறு, குடிநீர், சூரணம், மணப்பாகு, இளகம், நெய் என்று போகும் அந்த வரிசையைப் பார்த்தால் குடிக்கிறதும் நக்குகிறதும்தான் மெத்த. மாத்திரையும் அதில் ஒன்று, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அனுபானம் இருக்கும். தேனில் குழைத்து, இஞ்சிச் சாற்றில் கரைத்து, குழந்தைக்கென்றால் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பார்கள். எந்த மருந்து என்பதோடு, எதனோடு சேர்த்து உள்ளே அனுப்புவது என்பதையும் பரியாரியார் சொல்லித்தான் விடுவார். இன்றைக்கு எங்கள் மருந்துச் சிட்டையில் இல்லாதது அந்த ஒரு வரிதான்.

பிறகு அப்போதிக்கரிமார் காலம் வந்தது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனால், அதில் மிக்சர் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் போத்தலின் பக்கத்தில் பல்லுப் பல்லாய் வெட்டிய கடதாசியை ஒட்டித் தருவார்கள். அதுவும் குடிக்கிற மருந்துதான். கைத்தாலும் இறங்கும்.

இந்தக் குளிசையும் கப்சூலும் எங்கிருந்து வந்தன? தூளை அச்சில் அழுத்திக் குளிசையாக்கும் முறைக்கு 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தவர் வில்லியம் புரொக்கெடன். அவர் வைத்தியரும் அல்ல, மருந்தாளரும் அல்ல, ஓவியர். பென்சிலுக்கு நல்ல கிராபைட் கிடைக்காமல், தூளை அழுத்திக் கட்டியாக்க வழி தேடினவர். அந்த முறை மருந்துக்கும் பொருந்திவிட்டது. மூடியும் அடியுமாக இரண்டு துண்டுக் கப்சூலுக்கு 1846இல் பிரான்சில் லெஹியூபி என்பவர் காப்புரிமை பெற்றார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது, அழுத்திய குளிசைக்கு வயது நாலு, இரண்டு துண்டுக் கப்சூலுக்கு ஒன்று. கிறீனைப் பற்றிப் பிறகும் சொல்ல இருக்கிறது.

இனி விழுங்குகிற விசயத்துக்கு வருவோம். சாப்பாட்டை நாங்கள் என்ன செய்கிறோம்? மென்று, எச்சிலில் நனைத்து, கூழாக்கி, பிறகு நாக்கு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தொண்டை அதை ஏற்கிற நேரம் மூச்சுக்குழாயின் வாசல் மூடும். அந்த மூடுதல் கொஞ்சம் பிந்தினால்தான் பிரக்கடிக்கிறது. குளிசை மெல்லாத கட்டி. மெல்லாத கட்டி ஒன்று நாக்கின் பின்பக்கம் வந்தால், துப்பு என்றுதான் உடம்பு சொல்லும். சின்ன வயதில் புளியங்கொட்டையையும் சட்டைப் பொத்தானையும் விழுங்காமல் எங்களைக் காத்தது அந்தக் குணம்தான். அது இன்றைக்குக் குளிசையையும் தடுக்கிறது என்றால், அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். அதோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. பயந்து, கழுத்தை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் போனால் தொண்டை இன்னும் இறுகும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் தண்ணீர் குடிக்கிற விதம். மூக்குப்பேணி இன்றைக்கு அலுமாரிக் கண்ணாடிக்குள் அலங்காரமாகப் போய்விட்டாலும், அது பழக்கின பழக்கம் போகவில்லை. உதடு படாமல், அண்ணாந்து, மேலேயிருந்து ஊற்றிக் குடிக்கிறோம். எச்சில் படாமல் குடிப்பது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல வரவில்லை. தண்ணீருக்கு அது சரி. குளிசைக்கு அவ்வளவு சரிவராது. குளிசையை வாய்க்குள் எறிந்து, அண்ணாந்து, வாயைத் திறந்தபடி தண்ணீரை ஊற்றினால் என்ன நடக்கும்? தண்ணீர் முதலில் ஓடிவிடும், குளிசை நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கரையத் தொடங்கும். கைக்கும். பிறகு ஓங்காளம்.

கப்சூல் என்றால் இன்னும் மோசம். வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு பனடோலையும் ஒரு கப்சூலையும் போட்டுப் பாருங்கள். பனடோல் அடியில் கிடக்கும், கப்சூல் மிதக்கும். இனி வாய்க்குள் அதை நினைத்துப் பாருங்கள். அண்ணாந்தால் உதட்டுப் பக்கம் மேல், தொண்டைப் பக்கம் கீழ். மிதக்கிற சாமான் மேலே, அதாவது பல்லுப் பக்கம் வரும். விழுங்க விழுங்கத் தண்ணீர் போகும், கப்சூல் முன்பல்லுக்குப் பின்னால் சுகமாக இருக்கும். ஆகவே கப்சூலுக்குக் குனிய வேண்டும். நாக்கில் வைத்து, ஒரு மிடறு தண்ணீரை வாய்க்குள் எடுத்து, உடனே விழுங்காமல், நாடியை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்கள். இப்போது தொண்டைப் பக்கம் மேலே இருக்கிறது. கப்சூல் தானாக அங்கே மிதந்து போகும். அந்த நிலையிலேயே விழுங்குங்கள்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜேர்மனியில் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 151 பேரை வைத்துச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். குனிந்து விழுங்கியபோது கப்சூல் முன்னையிலும் இலகுவாகப் போனது கிட்டத்தட்ட 89 வீதம். குளிசைக்கு அவர்கள் காட்டிய வழி வேறு. கையால் அமத்தினால் ஒடுங்குகிற பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் தண்ணீரை நிரப்புங்கள். குளிசையை நாக்கில் வைத்து, போத்தல் வாயை உதடுகளால் இறுக்கி மூடுங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காற்றுப் புகாமல் தண்ணீரை உறிஞ்சி, அந்த உறிஞ்சலோடு விழுங்குங்கள். போத்தல் உள்ளே ஒடுங்க வேண்டும். ஒடுங்கினால்தான் சரியாகச் செய்கிறீர்கள். இதில் குளிசை இலகுவாகப் போனது ஏறத்தாழ 60 வீதம். இங்கேயும் தலை பின்னுக்குத்தான் சாய்கிறது, கவனியுங்கள். வித்தியாசம் உதட்டில் இருக்கிறது. மேலேயிருந்து ஊற்றும்போது வாய் திறந்திருக்கும். உறிஞ்சும்போது வாய் மூடியிருக்கும், நாக்குக்கு வேறு வேலை கிடைத்துவிடும், குளிசையைப் பற்றி யோசிக்க அதற்கு நேரமிராது. எச்சில் படுமே என்றால், அந்தப் போத்தலில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள்.

பாரிசவாதம் வந்தவர்களுக்கும், நடுக்குவாதம் இருப்பவர்களுக்கும், தண்ணீர் குடித்தாலே பிரக்கடிக்கிறவர்களுக்கும் இந்தப் போத்தல் வித்தை வேண்டாம். அவர்களுக்கு விழுங்குவதையே ஒருவர் பார்த்துச் சோதிக்க வேண்டும். டொக்டரிடம் சொன்னால் அதற்குரிய இடத்துக்கு அனுப்புவார்.

மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு சில்லறை விசயம். முதலில் ஒரு மிடறு வெறும் தண்ணீர் குடித்து வாயை நனையுங்கள். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வாயைக் காயப்பண்ணும். காய்ந்த நாக்கில் குளிசை பசை போட்டதுபோல் ஒட்டும். ஒரு பிடியாக ஐந்தாறு குளிசையை ஒன்றாக வாயில் போடாதீர்கள். கிளினிக் கொப்பிக்காரர் பலர் இப்படித்தான் ஒரே வீச்சில் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் விழுங்காதீர்கள்.

கடையில் கார்ட்டைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு குளிசையாக வெட்டித் தருகிறார்களே, அதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கண் மங்கின ஆச்சி ஒருவர் அந்தச் சதுரத்தை உறையோடேயே வாயில் போட்டுவிடுவார். கூரான மூலை உணவுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது உறையிலிருந்து எடுத்துக் கையில் வையுங்கள்.

அடுத்தது உரல் விசயம். குளிசை இறங்கவில்லை என்றால் எங்கள் வீடுகளில் முதலில் தேடுவது இடிகல்லைத்தான். இடித்துத் தூளாக்கி, சீனி போட்டு, தண்ணீரில் கலந்து கொடுத்துவிடுவது. சாதாரண பரசிற்றமோலுக்கு அதில் பிழையில்லை. எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்தால் கேடு வரும்.

சில குளிசைகள் பன்னிரண்டு மணித்தியாலம், இருபத்து நாலு மணித்தியாலம் என்று கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்யப்பட்டவை. இரணைமடுக் குளத்தின் கதவை அளவாகத் திறந்து போகத்துக்குத் தண்ணீர் விடுவது போல. இடித்தீர்களென்றால் அணைக்கட்டையே உடைத்தீர்கள். பிரசருக்குக் கொடுக்கும் நிபெடிபின் எஸ்.ஆர் அப்படிப்பட்டது. இடித்துக் கொடுத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி, பிரசரை ஆபத்தான அளவுக்கு விழுத்தும். இழுப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் எஸ்.ஆரும் அப்படித்தான், அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், வலிப்புக்கூட வரலாம். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோயேற், நோவுக்குக் கொடுக்கும் டைக்குளோபினாக் போன்றவற்றுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும். இரைப்பையைத் தாண்டிக் குடலில்தான் கரைய வேண்டும் என்பதற்கான பூச்சு அது. இடித்தால் பூச்சும் போகும், இரைப்பையும் புண்ணாகும். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மெதோற்றெக்சேற் போன்றவற்றை இடித்தால், பறக்கிற தூள் இடிக்கிற பிள்ளைக்கே கெடுதல். அவள் கர்ப்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எது எது என்று எப்படித் தெரியும்? பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர், எக்ஸ்.ஆர், சி.ஆர், எம்.ஆர், ஈ.சி என்று இரண்டு எழுத்து நின்றால் கை வைக்காதீர்கள். மெதுவாக விடும், அல்லது பூச்சுப் போட்டது என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அந்த எழுத்து இல்லாத எல்லாவற்றையும் இடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம் என்பது பெரும்பாலும் சரி. உடைக்கலாம் என்பதும் இடிக்கலாம் என்பதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில்தான் எனக்குக் கிறீன் ஞாபகம் வருகிறார். மானிப்பாயில் இருந்துகொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியராக்கினவர். பாதிக் காலத்துக்குப் பிறகு பாடத்தையே தமிழில் நடத்தினார். 1867இல் இரணவைத்தியம், 1875இல் கெமிஸ்தம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். சத்திரசிகிச்சையையும் இரசாயனத்தையும் தமிழில் சொல்ல முடியும் என்று நூற்றைம்பது வருசத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் நம்பினார். இன்றைக்கு என் கையில் இருக்கும் இந்தப் பெட்டியில் 'இடிக்காதே, மெல்லாதே' என்ற இரண்டு சொல் தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பிமார் இங்கே இருக்கிறீர்கள். உறையில் பேனையால் எழுதிக் கொடுங்கள். அதற்கு அரசாங்கம் சுற்றறிக்கை விடத் தேவையில்லை.

குளிசையின் பருமன் பற்றியும் சொல்ல வேண்டும். "போன மாதம் சின்னதாய் இருந்தது, இந்த மாதம் மாட்டுக்குளிசை மாதிரி இருக்கு, மாறித் தந்திட்டாங்களோ?" என்று என்னிடம் கேட்காத மாதமே இருந்ததில்லை. மாறவில்லை. மருந்து ஒன்றுதான், செய்த கம்பனி வேறு. 1971இல் சேனக்க பிபிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது கம்பனிப் பெயருக்குக் காசு கொட்டாமல் மருந்தின் பெயரில் மலிவாக வாங்கத்தான். அந்த ஏற்பாட்டால் இந்த நாட்டு ஏழை பிழைத்தான். ஆனால் கேள்விப்பத்திரம் கோரும்போது விலையையும் தரத்தையும் பார்க்கிறோம், தொண்டையைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டல் போட்டது. பெயரில்லாக் கம்பனிக் குளிசை, மூலக் கம்பனியின் குளிசையைவிடப் பெரிதாக வேறுபடக் கூடாது. எப்படியும் 22 மில்லிமீற்றரைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று. எங்களிடமும் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் நல்லது. அதுவரைக்கும், பெரிய குளிசை இறங்காவிட்டால் கேளுங்கள். 1000 மில்லிகிராமுக்குப் பதிலாக 500 இரண்டு தரலாம். பாணி மருந்து இருக்கலாம். தண்ணீரில் கரைகிற வகை இருக்கலாம். அதே வேலையைச் செய்யும் வேறு சின்னக் குளிசையும் இருக்கலாம்.

அனுபானத்துக்குத் திரும்பி வருகிறேன். எதனோடு விழுங்கலாம்? தண்ணீர்தான் முதலாவது. அது சரிவராவிட்டால் ஒரு தேக்கரண்டி தயிர், ஆறின கஞ்சி, மசித்த வாழைப்பழம். குளிசையை அதற்குள் புதைத்து, மெல்லாமல் வழுக்கி விடலாம். கதலியிலும் கப்பல் பழம் வசதி. ஒடியற் கூழில் போட்டுப் பார்க்கலாமோ என்று கேட்கிற ஆளும் இங்கே இருக்கிறார், முகத்தில் தெரிகிறது. அந்த உறைப்புக்கும் மீன் முள்ளுக்கும் நடுவே குளிசையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள் மெத்தப் பேர். இரத்தச்சோகைக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுத்தால், தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. கர்ப்பிணிப் பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பாலோடு சில அன்ரிபயோற்றிக் சேராது, சிப்ரோபுளொக்சசின் அதில் ஒன்று. தைரொயிட் குளிசை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். வயிற்றெரிவுக்குக் கொடுக்கும் ஒமெப்பிரசோல் கப்சூலைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன மணிகள் இருக்கும். விழுங்க முடியாதவர்கள் அந்த மணிகளைப் புளிப்பான மென்மையான சாப்பாட்டில் தூவி விழுங்கலாம். மணிகளைக் கடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் பூச்சு உண்டு. குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிற அம்மம்மாமாருக்கு ஒரு சொல்: ஒரு வயது நிறையும்வரை தேன் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

கப்சூலைப் பற்றி எங்கள் சைவக்காரர் சிலர் மெல்லமாக வந்து கேட்பார்கள். "இதின்ர கோது மாட்டெலும்பில் செய்யிறதோ?" ஓம். அநேகமான கப்சூல் கோது ஜெலற்றின். மாட்டினதோ பன்றியினதோ தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. இஸ்லாமிய அன்பர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். தாவர நாரில் செய்த கோதும் உலகத்தில் உண்டு, எங்கள் கடைகளில் அரிது. விரதகாலத்தில் கப்சூலை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். தொண்டை ஏற்காதது ஒரு வகை, மனம் ஏற்காதது இன்னொரு வகை. இரண்டையும் டொக்டரிடம் சொல்லலாம். பல மருந்துகள் கப்சூலாகவும் குளிசையாகவும் இரண்டு விதமாகவும் வருகின்றன.

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறேழு வயதுக்கு மேல் பழக்கலாம். கேக்குக்கு மேல் தூவுகிற சின்னச் சீனி மணியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். வருத்தம் வந்து அழுகிற நாளில் பழக்காதீர்கள்; சுகமாக விளையாடுகிற நாளில் பழக்குங்கள். மூக்கைப் பொத்தி, கையைப் பிடித்து, வாயைத் திறந்து போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நாற்பது வயதில் என்னிடம் வந்து குளிசை இறங்கவில்லை என்கிறவர்களைக் கொஞ்சம் கதைக்க விட்டால், சின்ன வயதில் அப்படிப் பிடித்து விழுங்கப்பண்ணிய கதைதான் வெளியே வரும்.

இதுவரை நான் சொன்னது, சாப்பாடு இறங்குகிறது, குளிசை மட்டும் இறங்கவில்லை என்பவர்களுக்கு. சோறும் சிக்குகிறது, பாண் சிக்குகிறது, கொஞ்ச நாளில் கஞ்சியும் சிக்குகிறது, உடம்பும் மெலிகிறது என்றால் கதை வேறு. அதற்கு வாழைப்பழமும் போத்தலும் வைத்தியம் அல்ல. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு பழக்கமுள்ள ஊர் இது. வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வர அவை பெரிய காரணங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து காசு சேர்த்தார்களே, அந்தக் காசில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நடை முடிந்தது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். முந்திப் போல மகரகமவுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடு சிக்கினால் காட்டுங்கள்.

கடைசியாக வயல்காரருக்கு. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் எங்கள் பக்கத்தில் உயிர்களைக் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் இரண்டு. நல்ல மருந்து, விலக்காதீர்கள். ஆனால் தொண்டைக்கு இதைப்போல வஞ்சகமான மருந்து குறைவு. கரையும்போது அமிலமாகும். விடியப்புறம் மண்வெட்டியும் கையுமாக நின்று ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டுக் குனிந்து வேலை தொடங்கினாலோ, இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடற்றோடு விழுங்கிவிட்டுச் சரிந்தாலோ, அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்கு நடுவே உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். உணவுக்குழாய் 25 சென்ரிமீற்றர் அளவு நீளம். பெரிய இரத்தக்குழாய் அதை அமத்திக்கொண்டு போகிற இடத்தில்தான் குளிசைகள் வழமையாகச் சிக்கும். ஒட்டின இடத்தில் புண் வரும். அடுத்த நாள் எச்சில் விழுங்கவே நோகும், மாரடைப்போ என்று பயந்து ஓடுவீர்கள். அடுத்த வாரம் அந்த மருந்தையே தொடமாட்டீர்கள். எலிக்காய்ச்சலுக்கு அதுதான் வேண்டும்.

சாப்பிட்ட பிறகு, நிமிர்ந்து இருந்து, ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு எடுங்கள். அரை மணித்தியாலம் படுக்காதீர்கள். பாலும் இரும்புக் குளிசையும் அதே நேரத்தில் வேண்டாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேற் எடுக்கிற அம்மாமாருக்கும் இதே கண்டிப்பு, அது வெறும் வயிற்றில் என்பது மட்டும் வித்தியாசம்.

செயலாளரிடம் சொல்லி, வரும்போது குளிசைப் பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது, எதற்கு மாற்றுக் கேட்கலாம் என்று உறையில் ஒவ்வொன்றாக எழுதித் தருகிறேன். பேனை இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். ரின்னோடு கொண்டுவந்தவர்கள் முதலில் வாருங்கள்.